ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால்

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளின் பசியாற்றும் பெண்கள்

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 46-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளில் கேன்டீன் நடத்தச் சொல்லி விதி வகுக்க, அது மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்று வந்தால், இந்த ஊரின் பசி எப்படி ஆறுகிறது என்பது விளங்கிவிடும். பெரிய ஆலைகளின் மதிலுக்குள் கேன்டீன் இருக்கிறது. பின்சாலைகளுக்குத் திரும்பினால் லேத், பிரஸ், கேஸ்டிங், பவுடர் கோட்டிங் என்று பதினைந்து பேரும் நாற்பது பேருமாக ஓடும் பட்டறைகள். பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவை அவைதான். சட்டம் அவற்றிடம் கேன்டீன் கேட்கவில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்தது. அப்போதும் நாற்பது பேர் பட்டறைக்கு அதில் இடமில்லை.

அந்த ஆட்களுக்குச் சோறு போடுவது கேட்டுக்குச் சற்றுத் தள்ளித் தகரக் கூரைக்கடியில் அடுப்பு மூட்டியிருக்கும் பெண்கள். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு என்றால், நான்கு மணிக்கே அவர்கள் இட்லிக் கொப்பரையை ஏற்றியிருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு அதுதான் இரவுச் சாப்பாடு, உள்ளே போகிறவனுக்கு அதுவே காலைச் சாப்பாடு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். இந்தப் பக்கத்தில் ஒரு பெண் வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், ஆனேக்கல்லிலிருந்து வரும் லாரி டிரைவரிடம் கன்னடத்தில் கணக்குச் சொல்வார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியும் சேர்ந்துகொண்டது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் வந்த பிறகு இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் சப்பாத்திக் கல்லும் வந்தது. எந்த மேலாண்மைப் பள்ளியும் இவர்களுக்குச் சந்தையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. யார் புதிதாக வந்திருக்கிறார்கள், அவர்கள் ஊரில் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள், உருளைக்கிழங்கைக் காரமில்லாமல் எப்படிக் கேட்பார்கள் என்பதையெல்லாம் தட்டு கழுவும் நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

பகல் பதினோரு மணிக்கு மேல் அடுப்பில் ஏறுவது களி.

களி கிண்டும் கை

கேழ்வரகுக் களியை ஏழை உணவு என்றும் எளிய உணவு என்றும் எழுதுவது ஒரு வழக்கம். ஏழை உணவு என்பது பழைய உண்மை. எளிய உணவு என்பதை, பெரிய அண்டாவில் களி கிண்டுவதை ஒரு முறை அருகில் நின்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும். ஒரு படி மாவுக்கு இரண்டு படிக்குச் சற்று மேல் தண்ணீர். அளவு மாவைப் பொறுத்தது. புது ராகியா, பழைய ராகியா, மெஷினில் எவ்வளவு நைசாக அரைத்தார்கள் என்று கை பார்த்துத்தான் சொல்லும். கொதிக்கிற தண்ணீரில் நொய்யரிசியைப் போட்டுக் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு, மாவை நடுவில் குன்றாகக் கொட்டுவார்கள். உடனே கிளறக் கூடாது. களிக்கோலால் குன்றின் நடுவே ஒரு குழி இட்டால், அடியிலிருந்து கொதி அந்த வழியாக மேலே ஏறி மாவின் மீது வழியும். மூடிவைத்து, தீயைத் தணித்து, பச்சை மாவு வாசனை போகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உருண்டைக்குள் வேகாத மாவு நிற்கும்.

பிறகு அண்டாவை இறக்கி, அது சுழலாதபடி கவட்டைக் கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோலை இரண்டு கையாலும் பற்றிக் கிண்டுவார்கள். தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. கட்டிகளைப் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்து நசுக்க வேண்டும். சூடு இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். ஈர விரலால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் பதம். அதன் பின் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து உருண்டை பிடிப்பார்கள். ஆவி பறக்கும் அந்த மாவைச் சாதாரணக் கையால் தொடக்கூட முடியாது. இரும்பை உருக்கி ஊற்றுகிறவனுக்கு ஃபவுண்டரியில் கையுறை கொடுக்கிறார்கள். ஐந்நூறடி தள்ளி அவனுக்குச் சோறு ஆக்குகிறவள் வெறுங்கையால் உருட்டுகிறாள்.

குழம்புக்குத் தனிக் கதை. கீரைக் கடைசல் என்றைக்கும் உண்டு. கருவாட்டுக் குழம்பு இருக்கிற நாளில் கூட்டம் கூடும். மார்கழியிலும் தையிலும், ஓசூர்ப் பனியில் அவரை காய்க்கும்போது, பிதுக்கம்பருப்புக் குழம்பு வரும். அவரைக்கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். முந்தின நாள் இரவு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பிதுக்கினால்தான் மறுநாள் மதியத்துக்குத் தேறும். ஒரு கிண்ணம் குழம்பின் விலையில் அந்த இரவு வேலைக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று யாராவது கணக்குப் பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

களிக்கு வேண்டிய ராகி தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளின் ஓரத்தில் விளைகிறது. கதிர் முற்றும் மாதங்களில் யானைக் கூட்டம் இறங்கும். விவசாயிகள் பரண் மேல் விழித்துக் கிடந்து காத்த தானியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவன் பதினோரு மணிக்குக் களி கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதே தானியம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்தது என்பது தாவரவியலார் முடிவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இங்கே வந்தது. இன்றும் மேற்கு உகாண்டாவில் பெண்கள் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டி மரக்கோலால் கிண்டிக் கெட்டியாக எடுத்துப் பரிமாறுகிறார்கள். விருந்தில் அதற்கு முதல் மரியாதை. ஜார்க்கண்டில் இதற்கு மடுவா என்று பேர். ஓசூர் அருகே மின்னணு ஆலையில் வேலை பார்க்க ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பழங்குடிப் பெண்கள் வந்திருக்கிறார்கள். மடுவா ரொட்டி தின்று வளர்ந்தவர்கள் அவர்கள். கேழ்வரகு நாட்டிலிருந்து புறப்பட்டு இன்னொரு கேழ்வரகு நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டில் அதைக் கண்ணால் பார்ப்பார்களா என்பது வேறு விஷயம்.

வெளியூரில் வரிசையில் நிற்கிறோம்

வெளிநாடு போகிற நம் ஆட்கள் இப்போது கோயிலையும் கடற்கரையையும் போலவே சமையல்காரரையும் தேடிப் போகிறார்கள். பாங்காக்கில் ஜெய் ஃபாய் என்ற பெண்மணி இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். கரி அடுப்புக்கு முன் கண்ணுக்குப் பெரிய கண்ணாடி கட்டிக்கொண்டு தானே வாணலியைப் பிடிப்பார். பாங்காக்குக்கு மிஷ்லின் கையேடு முதன்முதலாக 2017 டிசம்பரில் வந்தபோதே அவருடைய தெருவோரக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அவருடைய நண்டு ஆம்லெட் ஒன்று ஆயிரம் பாட்டைத் தாண்டும். உலகம் முழுவதிலிருந்தும் போய் மணிக்கணக்கில் காத்திருந்து, அந்த விலையைக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தெருவில் சமைக்கிற கிழவிக்கு இவ்வளவு விலையா என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர் விலையைக் குறைக்கவில்லை. நல்ல நண்டு, பல ஆண்டுத் தேர்ச்சி, தன் கையால் மட்டுமே சமைப்பது என்று வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது யாழ்ப்பாணம். இலங்கை விவசாயத் திணைக்களம் பேராதனை அருகே கன்னொறுவையில் நாட்டுப்புறப் பெண்கள் உள்ளூர் உணவைச் சமைத்து விற்கும் உணவகம் ஒன்றைத் தொடங்கியது. அது நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. போருக்குப் பின் வடக்கில் அதே முறையில் வந்தவை அம்மாச்சி உணவகங்கள். கணவனை இழந்தும் வீட்டை இழந்தும் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் ஏராளமான பெண்கள் இருந்த நிலம் அது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சியில் ஒரே கூடத்தில் வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்பும் ஒரு பெண்ணுக்கு. ஒருவர் தோசை, ஒருவர் வடை, இன்னொருவர் இலைக்கஞ்சி. நம் ராகிக்கு அங்கே குரக்கன் என்று பேர். குரக்கன் புட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். நீராவி வரும் நேரத்தில் அவர் முகத்தில் இருந்த கவனம் தளி ரோட்டில் களிக்கோல் பிடிக்கும் பெண்களின் முகத்தில் இருக்கும் அதே கவனம். நான் ஓசூரிலிருந்து வருகிறேன் என்றதும் எங்கள் ஊரில் புட்டுக்குத் தேங்காய் எவ்வளவு போடுவோம் என்று விசாரித்தார். களி என்றதும் அதன் செய்முறையைக் கேட்டார், நொய்யரிசி சேர்ப்பதை ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டார். விலையைச் சொல்லும்போது அவர் குரலில் தயக்கம் இல்லை. இடம் அரசு கொடுத்தது, அடுப்பு அவருடையது, விற்ற காசு அவருடையது. தலைக்கு மேல் நிலையான கூரை, தண்ணீர்க் குழாய், கை கழுவ இடம், மூடிய வடிகால்.

இதில் கடைசியாகச் சொன்ன நான்கும்தான் ஓசூர்ப் பெண்ணுக்கு இல்லை.

ஒரு ரூபாய் இட்லியும் நியாய விலையும்

தமிழ்நாட்டில் சமையல்காரப் பெண் ஒருவர் நாடறியப் போற்றப்பட்டது 2019-இல். கோவை ஆலாந்துறை அருகே வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுக்கொண்டிருந்தார். விறகடுப்பு, ஆட்டுக்கல், இலை. காட்சி பரவியது, கேஸ் அடுப்பு வந்தது, மகிந்திரா குழுமம் நிலம் வாங்கிக் கொடுத்து, 2022 அன்னையர் தினத்தில் வீடும் கட்டிக் கொடுத்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் பத்து இட்லி தின்று வயிறு நிறைந்து போக வேண்டும் என்று ஒரு மூதாட்டி விலையை ஏற்ற மறுத்தது பெரிய மனம். அவருக்கு வந்த மரியாதை எல்லாம் தகும்.

ஆனால் அந்தப் புகழுக்குப் பிறகு நம் மனதில் ஒரு அளவுகோல் ஊன்றிவிட்டது. மலிவாகப் போடுகிற பெண்தான் மகத்தானவள். சிலிண்டர் விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது என்று ஐந்து ரூபாய் கூட்டுகிறவள் பேராசைக்காரி. ஓசூரில் ஆலை வாசல் கடையில் இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். டூவீலரின் உதிரிபாகத்துக்கு விலை ஏறினால் மூலப்பொருள் ஏறியது என்று ஏற்றுக்கொள்கிறவர்கள், களி உருண்டை விலையில் மட்டும் தாய்மையை எதிர்பார்க்கிறார்கள். சமைப்பது பெண்ணுக்குப் பிறவிக் குணம் என்று நினைத்துவிட்டால் அதற்குக் கூலி எதற்கு என்று தோன்றத்தான் செய்யும். களி கிண்டுவது பழகிப் பெற்ற தொழில்நுட்பம். டர்னருக்கும் ஃபிட்டருக்கும் உள்ளதுபோலவே அதற்கும் தேர்ச்சி உண்டு, தேர்ச்சிக்குக் கூலி உண்டு.

இதைச் சொல்ல இந்த மண்ணுக்குத் தனி உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற ஏற்பாடு 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அன்று கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். மாதம் பத்தும் இருபதுமாகச் சேமித்து, கந்து வட்டிக்காரனிடம் போகாமல் தங்களுக்குள் கடன் கொடுத்து, வங்கிப் படியேறிக் கையெழுத்துப் போட்ட பெண்கள் இந்தப் பக்கத்துப் பெண்கள். பின்னால் சேலம், மதுரை என்று பரவி மாநிலம் முழுக்கப் போனது.

அந்தக் குழுக்களில் இருந்துதான் முதல்வரின் காலை உணவுத் திட்டத்துக்குச் சமையல் செய்கிறவர்கள் எடுக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் விரிவாக்கியபோது 31,008 அரசுப் பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். பிள்ளைகள் வகுப்புக்கு உட்காரும் முன் தட்டில் விழ வேண்டும் என்றால், தன் வீட்டுப் பிள்ளையை எழுப்புவதற்கு முன்பே அந்தப் பெண் பள்ளிச் சமையற்கூடத்தைத் திறந்திருக்க வேண்டும். 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்ததிலிருந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததிலிருந்து, இந்த மாநிலத்தின் பள்ளிக்கூடங்கள் பெண்களின் அடுப்பை நம்பி நடக்கின்றன. சத்துணவு ஊழியர்கள் முறையான காலமுறை ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

இன்னொன்றும் சேர்ந்தது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. காலை உணவுத் திட்டத்திலும் இத்தகைய செய்திகள் வந்தன. சமையல்காரப் பெண்ணைத் தாய் என்று புகழ்கிற அதே ஊர், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தட்டைத் தள்ளுகிறது. புகழ்ச்சிக்குச் சட்டத்தின் காவலும் சேர்ந்தால்தான் அவர் அடுப்பு முன் தலை நிமிர்ந்து நிற்க முடியும்.

ஆலை வாசல் பெண்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம். ஒவ்வொரு நகரத்திலும் வியாபாரக் குழு அமைய வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அந்த நாற்பதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் இடத்தை விட்டு அகற்றக் கூடாது. 2020-இல் வந்த கடன் திட்டம் முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. சாலையை அகலப்படுத்த ஜேசிபி வரும் காலையில், சான்றிதழ் கையில் இருக்கிறவளுக்கும் இல்லாதவளுக்கும் தகரக் கூரை ஒன்றுபோல்தான் பெயர்கிறது.

ஓசூர், சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று இந்த மாவட்டத்தில் தொழிற்பேட்டைகள் விரிந்துகொண்டே போகின்றன. மனை பிரிக்கும்போது சாலைக்கு, மின் நிலையத்துக்கு, கழிவுநீருக்கு, லாரி நிறுத்தத்துக்கு இடம் விடுகிறார்கள். சாப்பாட்டுக்கு விடுவதில்லை. சிறு பட்டறைகள் கூடும் ஒவ்வொரு முனையிலும் ஒரு கூடம், பத்து அடுப்பு, ஒரு அடுப்புக்கு ஒரு பெண், வாடகை சிறிதாக, தண்ணீரும் வடிகாலும் பேட்டையின் பொறுப்பில். யாழ்ப்பாணத்தில், போர் சிதைத்த ஒரு மாகாணம் செய்து காட்டியதைக் கோடிக்கணக்கில் முதலீடு இறங்கும் ஒரு மாவட்டம் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரவு ஷிப்ட் பெண்கள் வெளிச்சமுள்ள இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் அது உதவும்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று செய்யலாம். காலை உணவுக்கு 2022-இல் வந்த அரசாணை, வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் சிறுதானியத்தில் சிற்றுண்டி கொடுக்க முயலச் சொல்கிறது. கேழ்வரகுக்குப் பேர்போன மாவட்டம் இது. நுகர்பொருள் வாணிபக் கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் நேரடியாகக் கேழ்வரகு வாங்கத் தொடங்கியது. 2022-23-இல் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்த ஆதரவு விலை 2025-26-இல் 4,886 ஆகியிருக்கிறது. தானியம் பக்கத்துக் கிடங்கில் இருக்கிறது, கிண்டத் தெரிந்த கைகள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. நூறு பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணிக்குக் கேழ்வரகு சரிப்படுமா, களியா, புட்டா, அடையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் கூட்டம் நடக்கும்போது தளியிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் சமையல்காரப் பெண்கள் சிலரை அழைத்து மேசைக்கு முன்னால் உட்காரவைக்கட்டும். எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்கு என்ன கூலி என்பதையும் அவர்களே சொல்லட்டும்.